‘கோழியை விடு’ படத்தில் நம்ம ஆள்

பிப்ரவரி 3

டிரெய்லர் வந்துவிட்டது! காலை எட்டே முக்காலுக்கு. பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே முதல் தடவை பார்த்தேன். இரண்டாம் தடவை பார்க்கும்போது நுரை சட்டையில் வழிந்துவிட்டது. மூன்றாம் தடவை பார்க்கும்போது அம்மா வந்துவிட்டாள்.

“எட்டீ பெனிஷா, வாயக் கழுவிட்டுப் பாரு அந்த சவத்த.”

தாய்லாந்துப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘கோழியை விடு’. ஒரு ரவுடிக் கும்பல் தூக்கிக்கொண்டு போன சண்டைக்கோழியை மூன்று பேர் மீட்கப் போகிறார்கள். அடிதடி, கூடவே காமெடி. ஒருத்தி பப்பாளி சாலட் விற்கிற வடகிழக்குப் பெண். வழக்கமாக பாங்காக் படங்களில் அந்தப் பக்கத்துக்காரர்கள் வீட்டு வேலைதான் செய்வார்கள். இன்னொருவர் செக்யூரிட்டி வேலை பார்க்கிற திருநங்கை. அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, அவரிடம் அடி வாங்குகிறவனைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். அதற்கே நான் கைதட்டியிருப்பேன். ஆனால் மூன்றாவது ஆள்!

மூன்றாவது ஆள் தமிழன்! பூக்கடைப் பையன், பெயர் வேலு. பாலத்திலிருந்து கால்வாய்ப் படகுக்குக் குதிக்கிறான். பூ கட்டுகிற கயிற்றைச் சுழற்றி எறிந்து “பிடிங்க!” என்று தமிழிலேயே கத்துகிறான். மொத்தம் நாலு விநாடி.

ஐந்து வருடமாகத் தாய்லாந்துப் படம் பார்க்கிறேன். சப்டைட்டிலை மூடி மூடி வைத்தே அந்த மொழியைக் கற்றுக்கொண்டேன். இத்தனை படத்தில் நம்ம ஆட்கள் என்றால் தலையை ஆட்டி ஆட்டி ரொட்டி வீசுகிறவர், இல்லாவிட்டால் கொசுவலை விற்கிறவர். குதிக்கிற தமிழனை இன்றுதான் பார்க்கிறேன். இ-சேவை மையத்துக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனேன். முதலாளி முறைத்தார். முறைக்கட்டும்.

பிப்ரவரி 4

இதுவரை அறுபத்து மூன்று தடவை பார்த்தாகிவிட்டது. என்னவோ இடிக்கிறது.

குதிக்கிற ஷாட்டை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினேன். காற்றில் சட்டைக் காலர் விலகுகிறது. கழுத்துக்கு மேலே மாநிறத்துக்கும் கொஞ்சம் கூடுதல். காலருக்குள்ளே வெள்ளை. நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி ஒரு கோடு.

சாயம்.

பிப்ரவரி 5

ரிஸ்வானா அக்காவுக்குப் படத்தை அனுப்பினேன். ‘தாய்லாந்துப் பட வெறியர் சங்கம்’ பக்கத்தை நாங்கள் இரண்டு பேரும்தான் நடத்துகிறோம். அக்கா காயல்பட்டினம், நான் மார்த்தாண்டம். நேரில் பார்த்ததே இல்லை. பார்த்தவுடனே கூப்பிட்டார்.

“பெனி, இது நெழலா இருந்தா?”

“நெழல் நேர்கோடாவா விழும்? யாரோ ஒரு வெள்ளத்தோல்காரனுக்குப் பெயின்ட் அடிச்சு நம்ம ஆளுன்னு காட்டுறானுவ அக்கா. ஒரு தமிழனக்கூட கெடைக்கலியா அவனுவளுக்கு?”

“கோவம் எனக்கும்தான் வருது. எங்க மாமா அங்கதான இருக்காங்க, ரத்தினக் கல் வியாபாரம். பூக்கடைத் தெருவெல்லாம் அவங்களுக்கு நல்லாத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுவோமே.”

“எவ்ளோ நாள் ஆகும்?”

“மாமா இப்ப ஊர்ல இல்ல, சரக்கெடுக்கப் போயிருக்காங்க. ரெண்டு வாரம்.”

இரண்டு வாரமா? அதற்குள் வேறு எவனாவது கண்டுபிடித்துப் போட்டுவிடுவான். சரி அக்கா என்று போனை வைத்தேன். இருபது நிமிடம் காத்திருந்தேன். பிறகு போட்டேன். சிவப்பு வட்டம், அம்புக்குறி, #சாயத்தமிழன்.

பிப்ரவரி 7

நாலாயிரத்து முந்நூறாக இருந்த பக்கம் முப்பத்தோராயிரம் ஆகிவிட்டது! பெரிய பெரிய சேனல்காரர்கள் எல்லாம் என் சிவப்பு வட்டத்தை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் பெயர் போட்டார்கள், மற்றவர்கள் திருடர்கள்.

வேலையிலும் இன்று என் கண்ணுக்கு ஒன்று மாட்டியது. இருப்பிடச் சான்றிதழுக்கு வந்த பெரியவரின் ரேஷன் கார்டில் செல்லையன், ஆதாரில் செல்லய்யா. முடியாது என்றேன். “நான்தாம்மா ரெண்டும்” என்றார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆதாரம் வேண்டாமா? திருப்பி அனுப்பினேன். இரண்டு பஸ் மாறி வந்தவராம்.

ரிஸ்வானா அக்கா ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: ‘சொல்லிட்டாவது போட்டிருக்கலாம்.’

பிப்ரவரி 10

ஒருத்தன் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறான். ஆங்கில எழுத்தில் தமிழ். அப்படியே எழுதி வைக்கிறேன், பிற்பாடு தேவைப்படும்.

‘அக்கா வணக்கம். நான் பீம். வேலு நான்தான். அந்த குதி நான் இல்ல, டூப் ஆள். அவர் தாய்லாந்து ஆள், அவருக்கு கலர் போட்டாங்க, என்ன மாதிரி வர. நான் கலர் போடல. இது என் கலர். மீதி சீன் எல்லாம் நான் செய்யுறேன். நாப்பது நிமிஷம் வர்றேன் படத்துல. யாருக்கும் சொல்லாதீங்க அக்கா, காகிதத்துல கையெழுத்து போட்டிருக்கேன். படம் வர்ற வரைக்கும் பேசக் கூடாது. நீங்க அந்த போஸ்ட் மட்டும் எடுத்தா போதும்.’

பீம்! எந்தத் தமிழனுக்கு பீம் என்று பெயர்? அங்கே எல்லாருக்கும் கூப்பிடுகிற பெயர் ஒன்று தனியாக இருக்கும், எனக்குத் தெரியும், நிஜப் பெயர் கனகவேலாம். கணக்கு ஜனவரியில்தான் தொடங்கியது. பின்தொடர்கிறவர்கள் பன்னிரண்டு பேர். கம்பெனியின் விளம்பர ஆள் உட்கார்ந்து தட்டுகிறான் என்பது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

எந்த ஊர் என்று கேட்டேன்.

‘பாங்காக்.’

சொந்த ஊர்?

‘தாத்தாவோட அப்பா வந்தாங்க. ஊர் பேர் தெரியல. ஆறு இருக்கும்னு அம்மா சொல்லும்.’

ஆறாம்! தமிழ்நாட்டில் எந்த ஊரில் ஆறு இல்லை?

பிப்ரவரி 11

ஒரு படம் அனுப்பினான். பூக்கடை, மஞ்சள் சாமந்தி, அருகில் ஒல்லியாக ஒருத்தன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். டிரெய்லரில் மூஞ்சி தெரிகிற அரை விநாடியோடு ஒப்பிட்டேன். ஒத்துப்போகிறது. ஆனால் இப்போது கம்ப்யூட்டர் எதைத்தான் உண்டாக்காது?

வீடியோ காலில் வா என்றேன். பக்கத்தில் கம்பெனி ஆட்கள் இருக்கிறார்கள், முடியாது என்றான். பார்த்தீர்களா!

சரி, குரலாவது அனுப்பு என்றேன். ‘வாழைப்பழத் தோல் வழுக்கிக் கீழே விழுந்தான்.’ இதைச் சொல்லு. தமிழன் என்றால் சொல்வான்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். வாளப்பள என்கிறான். வலுக்கி என்கிறான். ஒவ்வொரு சொல்லும் பாட்டு மாதிரி மேலே ஏறி இறங்குகிறது. நான் கட்டிலில் குதித்தேன்.

அண்ணன் எட்டிப் பார்த்தான்.

“என்னட்டி, லாட்டரி விழுந்துட்டா?”

“தமிழனே இல்ல இவன்! கேட்டியா, ழ வரல!”

“மதுரப் பக்கம் பாதிப் பேருக்கு வராது. என் கம்பெனி மேனேஜருக்கு வராது. அவுங்க எல்லாரும் எந்த நாட்டுக்காரனுவ?”

“நீ சும்மா இரு ஷாஜின் அண்ணா.”

“மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல ஒன்ன ‘நீ மலையாளியா’ன்னு கேட்டாளுவ. நாலே மாசத்துல பெட்டியக் கெட்டிட்டு வந்துட்டு, அம்ம மடியில கெடந்து அழுதது யாரு? நானா?”

அது வேறு. இது வேறு. கதவைச் சாத்திவிட்டேன்.

பிப்ரவரி 12

குரலை வெளியிட்டேன். மேலே ‘இவர்தான் தமிழராம்!’ என்று மட்டும் எழுதினேன். பதினொரு விநாடி. எடிட் எதுவும் செய்யவில்லை. முன்னால் ‘இத யாருக்கும் போடாதீங்க அக்கா, நம்பி அனுப்புறேன்’ என்று இருந்த கொஞ்சத்தை மட்டும் வெட்டினேன், நீளமாக இருந்ததால்.

சாயங்காலம் காய்ந்து ஒட்டியிருந்த ஆடையைச் சுரண்டிப் பால் பாத்திரம் கழுவினேன். அம்மா சொல்லி மூன்று நாள் ஆகிறது.

பிப்ரவரி 13

ஒன்பது லட்சம் பேர் கேட்டிருக்கிறார்கள். அவன் அனுப்பியது இரண்டு சொல்: ‘அக்கா ஏன்?’

விளம்பர ஆள் என்றால் இப்படித்தான் கேட்பான். பதில் போடவில்லை.

பிப்ரவரி 19

ஜெயித்துவிட்டோம்!

கம்பெனி அறிக்கை விட்டிருக்கிறது. தமிழில் முதலில் மொழிபெயர்த்தது நான்தான். ‘தமிழ் ரசிகர்களின் மனம் புண்பட்டிருப்பதை மதிக்கிறோம். ஒப்பந்தத்தை மீறிப் படத்தைப் பற்றி வெளியே பேசிய நடிகருடனான தொடர்பு முடித்துக்கொள்ளப்படுகிறது. சர்ச்சைக்கு உள்ளான பாத்திரம் இடம்பெறும் காட்சிகள் நீக்கப்படும்.’

பக்கம் முழுக்கப் பட்டாசுப் படம். ஒருவர் எனக்கு மீசை வரைந்து ‘தமிழ்க் காவலன்’ என்று போட்டிருந்தார். நான் பெண் என்றே தெரியாது அவருக்கு.

காட்சிகள் என்றால் அந்தக் குதிக்கிற காட்சியாகத்தான் இருக்கும். நடிகர் என்று யாரைச் சொல்கிறார்கள் என்று தெளிவாக இல்லை. பெரிய கம்பெனிகள் எப்போதும் இப்படித்தான், ஒன்றையும் தெளிவாக எழுத மாட்டார்கள்.

பிப்ரவரி 21

ஒரு யூடியூப் சேனலில் பேட்டி. வீட்டுக் கூடத்தில் ஏசு படத்துக்குக் கீழே உட்கார்ந்து பேசினேன். “அந்தக் கோட்டை எப்படிம்மா கண்டுபுடிச்சீங்க?” என்று கேட்டார். “எனக்கு எதையும் சும்மா நம்புற பழக்கம் இல்ல சார்” என்றேன். அதையே தலைப்பாக வைத்துவிட்டார்கள். அம்மா மீன் வாங்கப் போன இடத்தில் மூன்று பேரிடம் காட்டினாளாம்.

ரிஸ்வானா அக்கா பேட்டிக்கு லைக் போடவில்லை.

மார்ச் 2

ரிஸ்வானா அக்கா கூப்பிட்டார். எடுத்தவுடனே, “உக்காந்திருக்கியா?” என்றார்.

“ஏன் அக்கா?”

“மாமா வந்துட்டாங்க. விசாரிச்சுட்டாங்க. அந்தப் பையன் பேரு கனகவேல். வீட்ல பீம். கோயிலுக்குப் போற வழியில அவங்க பூக்கடை. மாமாவே அங்க பூ வாங்கியிருக்காங்க, கடைப் பையனுக்கு நிக்காஹ் வந்தப்ப. நாலு தலைமுறையா அங்கதான் இருக்காங்க.”

“கம்பெனி செட்டப்பா இருக்கலாம்லா?”

“நாலு தலைமுறைக்கு முன்னாடியே வந்து கட வச்சுட்டாங்களா, உன்ன ஏமாத்த?”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“தெருவே சேந்து மொத நாள் மொதக் காட்சிக்கு நூத்தி நாப்பது சீட்டு சொல்லி வச்சிருந்தாங்களாம். ஒரு படத்துல, நம்ம புள்ள ஓடி வந்து அடிக்கிறான்னு. இப்ப அவன் வீட்ட விட்டு வெளியவே வர்றதில்லையாம். அந்த வாழப்பழக் குரலு தாய்லாந்துக்காரங்க கிட்டயும் போயிருச்சு. தமிழங்களே இவன தமிழன் இல்லங்குறாங்கன்னு சிரிக்குறாங்களாம்.”

“எனக்கு எப்பிடி அக்கா தெரியும்?”

“உனக்குத்தான் அவன் சொன்னானே, பெனி.”

மார்ச் 3

இன்று எழுத ஒன்றுமில்லை. மையத்தில் சர்வர் வேலை செய்யவில்லை.

மார்ச் 4

பதினொரு விநாடியை நீக்கிவிட்டேன். வேறு பக்கங்களில் நானூற்றுச் சொச்சம் நகல் இருக்கிறது. சிலதில் அதற்குத் தாளம் போட்டிருக்கிறார்கள்.

பீமுக்கு எழுதினேன். அவன் கணக்கே இல்லை.

படக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், தாய்லாந்து மொழியில், பிழை பார்த்துப் பார்த்து. தவறு என்னுடையது, குரலைக் கேட்டு வாங்கியது நான்தான், அந்தக் காட்சிகளைத் திரும்பச் சேருங்கள் என்று. தானாக வருகிற பதில்தான் வந்தது. ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி.’

மார்ச் 9

பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். எல்லாவற்றையும் என்றால், பெரும்பாலும்.

முதல் பதில்: ‘எவ்வளவு வாங்குன?’ அதற்கு ஆயிரத்து இருநூறு லைக். இரண்டாவது: ‘அட்மின் ஐடிய கம்பெனிக்காரன் ஹேக் பண்ணிட்டான், யாரும் நம்பாதீங்க.’ நான்தான் எழுதினேன் என்று பதில் போட்டேன். ‘ஹேக்கரும் இதத்தான் சொல்லுவான்’ என்றார்கள்.

இவர்களிடம் என்ன காட்டினால் நம்புவார்கள் என்று யோசித்தேன்.

ஏப்ரல் 9

அங்கே படம் வந்துவிட்டது. நல்ல வசூல் என்கிறார்கள்.

மே 1

இன்று ஓடிடியில் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன்.

நல்ல படம். அதுதான் கஷ்டம். சாலட் கடைப் பெண் உலக்கையை வைத்து ஆறு பேரை அடிக்கிற இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அந்தத் திருநங்கை கடைசியில் கோழியைக் கையில் ஏந்தி நடந்து வருகிற இடத்தில் அழுதேன். அவருக்கு ஒரு காதலன்கூட இருக்கிறான், அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

போஸ்டரிலேயே இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். ஆனால் படம் மூன்று பேருக்காக எழுதியது என்று பார்த்தாலே தெரிகிறது. சாப்பிட உட்காருகிற இடத்தில் மேஜையில் மூன்று தட்டு. திருநங்கை யாரோ நிற்கிற பக்கமாகத் திரும்பி, “நீ என்ன சொல்ற?” என்று கேட்கிறார், உடனே வெட்டி வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. கால்வாய்ச் சண்டையில் சாலட் கடைப் பெண் தண்ணீரில் விழப் போகிறாள். எங்கிருந்தோ பூக் கயிறு பறந்து வருகிறது, பிடித்துக்கொள்கிறாள். எறிந்தது யார் என்று படம் சொல்லவே இல்லை. ஓரத்தில் ஒரு கை மட்டும், முழங்கைக்குக் கீழே, விநாடிக்கும் குறைவு. “பிடிங்க” என்ற சொல்லும் இல்லை.

அந்தக் கையைப் பதினான்கு தடவை பார்த்தேன். அவன் கையா, டூப் கையா, தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

மே 2

பக்கத்தில் புதுக் கொந்தளிப்பு. ‘டிரெய்லர்ல இருந்த தமிழன் எங்க? நம்மளத் தூக்கி எறிஞ்சுட்டானுங்க! அட்மின், பழைய மாதிரி எறங்குங்க!’ #எங்கேவேலு என்று நேற்றிரவே ஆரம்பித்துவிட்டார்களாம். எழுபதாயிரம் பேர் ஆகிவிட்டோம்.

நிர்வாகத்தை ரிஸ்வானா அக்காவிடம் கொடுத்துவிட்டு வெளியேறினேன். “எனக்கு மட்டும் எதுக்கு?” என்றவர், அரை மணி நேரத்தில் பக்கத்தையே மூடிவிட்டார்.

மே 3

மாமா வழியாக ரிஸ்வானா அக்கா பூக்கடை எண்ணை வாங்கிக் கொடுத்தார். “அவன் பேச மாட்டான். அவங்க அம்மா எடுப்பாங்க. என்ன சொல்லப் போற?”

“உள்ளதச் சொல்லப் போறேன்.”

“சொல்லிட்டு எனக்கு போன் பண்ணு. அதுவரைக்கும் பண்ணாத.”

ஆறு வரி எழுதி வைத்திருக்கிறேன். முதல் வரி: ‘அம்மா, உங்க மகன் குரல வெளிய விட்டது நான்தான்.’ கண்ணாடி முன்னால் நின்று நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். அம்மா சமையலறையிலிருந்து, “யாருகிட்டப் பேசுற பிள்ளே?” என்றாள்.

மே 4

காலை பத்து மணிக்குக் கூப்பிட்டேன். அங்கே பதினொன்றரை. பின்னால் ஸ்கூட்டர் சத்தம், தாய்லாந்து மொழியில் யாரோ விலை கேட்கிற சத்தம்.

“ஹலோ, யாரு?”

“அம்மா, நான் தமிழ்நாட்ல இருந்து பேசுறேன். என் பேரு பெனிஷா.”

“தமிழ்நாடா!” அந்தக் குரலும் மேலே ஏறித்தான் இறங்கியது. “கல் கடை பாய் சொன்னாங்க, ஒரு பொண்ணு பேசும், படமெல்லாம் நெறைய பாக்குற பொண்ணுன்னு. நீதானாம்மா?”

“ஆமாம்மா. நான் வந்து, ஒரு விஷயம்...”

“இரு இரு. மொதல்ல நான் கேட்டுக்குறேன், கடைக்கு ஆளு வந்துரும். நீ ‘கோழி’ படம் பாத்தியா?”

“பாத்தேன்.”

“எம் மவன் அதுல நடிச்சான், தெரியுமா? ஏழு மாசம் போனான். கால்ல அடிபட்டு வந்தான். நாங்க தியேட்டர்ல ரெண்டு தடவ பாத்தோம், இப்ப மக டிவில போட்டுக் காமிச்சா. மூணு தடவ ஆச்சு. எனக்குக் கண்ணு சரியில்ல, எங்க வர்றான்னே புடிபடல. அவன்ட்ட கேட்டா, ‘வர்றேம்மா, நீ சரியாப் பாக்கல’ன்னு சொல்லிட்டு ரூமுக்குள்ள போயிர்றான். மக வாயத் தொறக்க மாட்டேங்குறா. நீ நல்லாப் பாக்குற பொண்ணாமே. எம் மவன் எங்கம்மா வர்றான்?”

ஆறு வரியும் கையில் இருந்தது. தாளை மடித்தேன்.

“கால்வாய் சண்டை வரும்லா அம்மா. அந்தப் பொண்ணு தண்ணில விழப் போவா.”

“ஆமா, விழப் போகும்.”

“அப்போ எடது பக்கமா ஒரு பூக்கயிறு பறந்து வரும். அத எறியுற கை ஒண்ணு தெரியும். கொஞ்ச நேரந்தான்.”

“கை.”

“ஆமா.”

பின்னால் ஸ்கூட்டர் ஒன்று கடந்து போனது.

“அது அவன் கையா? குதிக்குறதுக்கெல்லாம் வேற ஒரு ஆளு இருந்தான்னு சொன்னானே. அந்த ஆளு கையா இருந்துறப் போவுது. நல்லாப் பாத்தியாம்மா?”

“நல்லாப் பாத்தேன் அம்மா. பதினாலு தடவ பாத்தேன்.”

“அவன் கைதானா?”

“அவன் கைதான்.”

“அதான பாத்தேன்!” என்றார். அப்புறம் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கடைக்குள் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். முதலில் தாய்லாந்து மொழியில், பிறகு தமிழில். இரண்டும் எனக்குப் புரிந்தது. மறுபடி என்னிடம் வந்தார்.

“எத்தனாவது நிமிஷம்னு சொல்லும்மா. இங்க எல்லாரும் கேக்குறாங்க, எழுதிக்கணும்.”

“ஒரு மணி முப்பத்தோராவது நிமிஷம்.”

“நீ என்னவோ சொல்ல வந்தியே?”

“ஒண்ணுமில்லம்மா. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

ரிஸ்வானா அக்காவுக்கு இன்னும் போன் செய்யவில்லை.